நாய்க்கு லைட்டு வைத்தவள்

நான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் முதலாளியை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். எதில் மாஸ்டர் என்று யாரும் கேட்டதில்லை. அருப்புக்கோட்டை பஜாருக்குள், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. படம் பிடிக்கும் அறையின் தரையில் சிவப்பு டேப்பால் ஒரு கட்டம் ஒட்டியிருக்கும். கட்டத்துக்குள் ஸ்டூல். ஸ்டூலுக்கு இடமும் வலமும் வெள்ளைக் குடை மாட்டிய இரண்டு லைட்டுகள். அவற்றின் காலடியிலும் டேப். மாஸ்டருடைய வித்தை மொத்தமும் அந்த டேப்புதான். பாஸ்போர்ட்டுக்கு வந்த கிழவரும், மொட்டை போட்டு முடித்த பிள்ளையும், நிச்சயம் ஆன பெண்ணும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து அதே வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். டேப் உரிந்துபோனால் அதே இடத்தில் புதிதாக ஒட்டுவார். அதற்கு மேல் வெளிச்சத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அறையைக் கூட்ட வருகிற அம்மாளிடம்கூட, "லைட்டு மேல கை படாம கூட்டுங்க, இதெல்லாம் தொழில் ரகசியம்" என்பார்.

எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கல்யாண ஆல்பத்துக்குப் பக்கம் பக்கமாகப் படங்களை அடுக்குவேன். மாலைக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும், மேகத்துக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும், வெளிநாட்டு அருவி ஒன்றின் முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும். அதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற ஜனம் இருக்கிறது, அடுக்கிக்கொடுக்க நானும் இருந்தேன். ஆனால் அங்கே முக்கியமான வேலை அது இல்லை. "கலர் போடுங்க" என்று மாஸ்டர் சொல்வார். கலர் போடுவது என்றால் வெளுப்பாக்குவது. மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வெயிலை வாங்கி வாங்கி ஆன முகங்கள் படியேறி வரும்; படியிறங்கும்போது அவர்கள் கையில் இருக்கும் படத்தில் வேறு யாரோ இருப்பார்கள். செத்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வருகிற முகத்துக்கும் கலர் உண்டு. என் மாமனார் இறந்தபோது அந்த ஸ்டுடியோவில்தான் படம் போட்டார்கள், நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பு. எங்கள் வீட்டு முன்னறையில் அவர் ரோஜா நிறத்தில் தொங்கினார். உயிரோடு இருந்தவரை அந்த நிறத்தை அவர் உடம்பில் யாரும் பார்த்ததில்லை. மாமியாருக்கு மட்டும் அந்தப் படத்தில் பெருமை.

எங்கள் ஊர் பரளச்சிக்கு அந்தப் பக்கம். மழை பெய்தால் விளைச்சல், பெய்யாவிட்டால் பேச்சு. என் கணவர் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சிலும் பாதி நாயோடுதான். அவர் ஒரு கன்னி நாய் வளர்த்தார். தெற்குச் சீமையின் வேட்டை நாய் வகை அது. ஒல்லி உடம்பு, நீளக் கால், எண்ணெய் தடவினாற்போல் கருப்பு, கண்ணுக்கு மேல் மட்டும் இரண்டு செம்பழுப்புப் பொட்டு. பெண் நாய். அதற்கு ஒரு பெயரும் உண்டு. நான் கூப்பிட்டால் அது வராது. அதனால் அந்தப் பெயரை எழுதுவதற்கு எனக்கு மனம் இல்லை. நான் சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு என் கணவர் வருகிற வழியைப் பார்க்கும். அவர் வந்து அதே சோற்றைக் கையால் தொட்டுவிட்டால் தின்னும்.

அந்த நாயைப் பெரிதாகப் படம் பிடித்து முன்னறையில் மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. எனக்குத் தெரிந்து அவர் படம் பிடிக்க ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான். எங்கள் கல்யாணத்துக்குக்கூடப் படம் பிடிக்கிறவரிடம், "சீக்கிரம் முடிங்கண்ணே" என்று சொன்னவர். ஒரு நாள் காலையில் மொபெட்டின் முன்பலகையில் நாயை ஏற்றிக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். படியேறி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் நாயை ஸ்டூலில் ஏற்றச் சொன்னார். கன்னி நாய் ஸ்டூலில் ஏறாது. என் கணவர் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு குடையும் பளீரென்று அடித்தன. நாய் நடுங்கியது. மாஸ்டர் கேமராவின் முதுகுப்பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னிடம் தந்தார். பெரிய திரையில் விரித்துப் பார்த்தேன். கரித்துணி ஒன்றைச் சுருட்டி வைத்ததுபோல் ஒரு கருப்புத் திட்டு. அதில் இரண்டு கண். முதுகும் இல்லை, விலாவும் இல்லை, கழுத்தும் இல்லை.

"கலர் போடுங்க" என்றார் மாஸ்டர்.

போட்டேன். நாய் சாம்பல் நிறத்துக்கு வந்தது. இன்னும் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். இப்போது அது கழுதை நிறத்தில் இருந்தது. என் கணவர் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"இது எங்க வீட்டு நாய் இல்லையே."

"நாயில என்னங்க எங்க வீட்டு நாய், அடுத்த வீட்டு நாய்" என்று சிரித்தார் மாஸ்டர். "கருப்புன்னா அப்படித்தான் விழும். கேமரா கண்ணுக்குக் கருப்பு தெரியாது."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். கடையில் ஆல்பம் வாங்க வந்த ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. "நீ இங்கதான வருசக்கணக்கா வேலை பாக்குற. ஒனக்குமா தெரியாது?" என்றார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் வேலைங்க."

அவர் நாயைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய கல்யாண முகத்துக்கு எவ்வளவு கலர் போட்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் அவள் சிரிப்பு என்னைத் தொடவில்லை. கணவர் கேட்ட கேள்விதான் சாயங்காலம் வரைக்கும் காதுக்குள் கிடந்தது. எனக்குத் தெரியாதுதான். வெளிச்சத்தைத் தினமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது விழுந்த பிறகு உண்டாகிற குப்பையைக் கூட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பருத்தி போட்டு வைக்கிற அறை ஒன்று இருக்கிறது. பருத்தி எடுப்பு முடிந்து மூட்டைகள் போன பிறகு அடுத்த வெள்ளாமை வரைக்கும் காலியாகத்தான் கிடக்கும். ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு கதவு. வெளிச்சம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் முதலில் இருட்டு வேண்டும் என்பது மட்டும் எனக்கு எப்படியோ புரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கூட்டித் துடைத்தேன். செல்போனை எடுத்துக்கொண்டு, ஒரு குண்டு பல்பை வயர் இழுத்துத் தொங்கவிட்டு நாயைக் கூட்டி வந்தேன். வரவில்லை. கருவாட்டுத் துண்டைக் காட்டினேன். வந்தது, வாங்கியது, போய்விட்டது.

கற்றுத்தருகிற வீடியோக்களையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாரும் தொப்பி வைத்த ஆண்கள். வீட்டில் இருக்கிற பொருளை வைத்தே எளிதாகச் செய்யலாம் என்று தேன் ஒழுக ஆரம்பிப்பார்கள். அடுத்த நிமிஷம் அவர்கள் வீட்டில் இருக்கிற பொருள் வெளியே வரும்: ஆள் உயர லைட்டு, தேன்கூடு மாதிரி மூடி, உருட்டிக்கொண்டு போக சக்கரம். அவர்கள் படம் பிடிக்கிற நாயோ சோபா நிறத்தில், சோபா மாதிரியே உட்கார்ந்திருக்கும். கறுத்த நாயை ஒருவரும் பிடிக்கவில்லை. கறுத்த மனிதரையும்தான். கேட்டு எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: லைட்டைக் கூட்டுங்கள். மாஸ்டருக்கும் இவருக்கும் வித்தியாசம் தொப்பி மட்டும்தான்.

செல்போனால் ஆகாது என்று தெரிந்த பிறகு கேமரா தேடினேன். வீரசோழனில் ஒரு கடைக்காரரிடம் இருப்பதாக எங்கள் பஸ்ஸில் வருகிற டீச்சர் சொன்னார். கடைக்காரருடைய மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. கேமரா, அதோடு ஒரு ஃப்ளாஷ், கேமராவிலிருந்து தள்ளி எங்கே வைத்தாலும் அந்த ஃப்ளாஷை அடிக்கவைக்கிற சின்ன டப்பா. எல்லாம் பெட்டிக்குள் போட்டபடியே அலமாரியில் இருந்தன.

"மச்சான் ஊர்லேர்ந்து வரயில வாங்கிட்டு வந்தாக, தங்கச்சி" என்றார் கடைக்காரர். "ஒரு தடவ கழுத்துல மாட்டிக்கிட்டு கல்யாண வீட்டுக்குப் போனாக. கேமராவ யாரும் பாக்கல போல. பெறகு அவுக தொடவே இல்ல. நீங்க என்னத்த எடுக்கப்போறீக?"

"நாய எடுக்கப்போறேண்ணே."

அவர் அலமாரியைத் திறந்தார். "எடுங்க. மச்சான் எடுத்ததுக்கு அது தேவல" என்றார். அந்த வருஷத்தில் என்னிடம் மரியாதையாகப் பேசிய சிலரில் அவரும் ஒருவர். மாசா மாசம் கொடுத்தால் போதும் என்று பெட்டியைக் கட்டித் தந்தார்.

கேமரா வந்ததும் என் முட்டாள்தனம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. முன்பு மங்கலாகத் தெரிந்த கரித்துணி இப்போது துல்லியமான கரித்துணியாகத் தெரிந்தது. ஃப்ளாஷை நாய்க்கு நேராக வைத்து அடித்தேன். வலுவைக் கூட்டி அடித்தேன். பின்னால் சுவர் வெளுத்தது, தரை வெளுத்தது, நாயின் கழுத்துப் பட்டை வெளுத்தது, நாய் வெளுக்கவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறதுபோல இருந்தது. தெர்மாகோல் அட்டையைப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாய் அட்டையைக் கடித்து அறை முழுக்க வெள்ளை மணியாக இறைத்துவிட்டது.

மாமியார் கதவருகே வந்து நின்றார். "காடு கழனி பாக்குற வீட்டுல, பொழுது பூராம் நாய்க்குப் போட்டோப் பிடிக்கிற மருமகள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். யாரிடம் என்றில்லாமல், தெருவுக்கும் கேட்கிற மாதிரி.

தெரு கேட்டுக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியில், "ஒங்க நாய்க்கு மாப்பிள்ளை பாக்குறீகளாமே" என்றார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். காதுகுத்துக்கு வைக்கிற ஃப்ளெக்ஸில் வெள்ளைக்காரன் கணக்காகச் சிரிக்கிறவர்களிடம் வெளிச்சத்தைப் பற்றி என்ன பேசுவது?

வழி திறந்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. ஒரு மதியம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சலிப்போடு தரையில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. நாய் கதவுக்குக் குறுக்கே, எனக்கும் வெளிக்கும் நடுவில் படுத்திருந்தது. வெளியே எதிர்வீட்டின் சுண்ணாம்பு அடித்த சுவரில் வெயில் விழுந்து, அந்தச் சுவர் முழுக்க வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நாயின் முதுகைப் பார்த்தேன். கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு வெள்ளிக் கோடு. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக. தோள்பட்டைச் சதை திரண்டு நிற்பது, அதன் கீழே பள்ளம், பள்ளத்துக்குள் சுத்தமான கருப்பு. நாய் துளியும் வெளுக்கவில்லை. ஆனால் அதன் உடம்பு முழுவதும் தெரிந்தது.

அசையாமல் உட்கார்ந்து யோசித்தேன். மழை பெய்த மறுநாள் கரிசலை உழுதால், கொழு புரட்டிப் போட்ட கட்டியின் ஈர முகம் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், வரப்பில் நாலு எட்டு நடந்து மறுபக்கம் போய்ப் பார்த்தால் வெறும் கருப்பு மண்ணாக இருக்கும். மண் ஒன்றுதான், சூரியனும் ஒன்றுதான். நாம் நிற்கிற இடம்தான் வேறு. பளபளப்பான கருப்பு வெளிச்சத்தை வாங்கிக் காட்டுகிற பொருள் இல்லை; எதிரே இருப்பதைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டுகிற பொருள். அதன் முன்னால் நின்று எவ்வளவு கொட்டினாலும் வீண். அதற்குப் பக்கத்திலும் கொஞ்சம் பின்னாலும் பெரிதாக, வெள்ளையாக ஒன்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில் ரகசியம்.

கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கயிறெல்லாம் அவிழ்த்து வெறும் சட்டமாக நிறுத்தினேன். அதில் என் கணவரின் எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டினேன். ஃப்ளாஷை வேட்டிக்கு அந்தப் பக்கம் வைத்தேன். ஃப்ளாஷ் அடித்தால் வேட்டி முழுக்க வெளிச்சமாகும், எதிர்வீட்டுச் சுவர் மாதிரி. நாய்க்கு முன்னால் லைட்டே கிடையாது. ஃப்ளாஷ் கண் சிமிட்டுகிற நேரம்தான் எரியும், எங்கே விழும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் முதலில் டார்ச்சை அங்கே பிடித்து நாயின் மேல் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பேன். வேட்டியைப் பின்னால் தள்ளினால் கோடு மெலிந்து கூர்மையாகும். நெருக்கி வைத்தால் பட்டையாக, மெத்தென்று பரவும். கொஞ்சம் முன்னால் இழுத்தால் முகம் வரும், இன்னும் இழுத்தால் எல்லாம் தட்டையாகி மாஸ்டர் படம் ஆகிவிடும். ஒவ்வொன்றையும் கெடுத்துக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நாய் ஒத்துழைத்தது என்று யாராவது நினைத்தால் அது பொய். அது என் கணவரின் மொபெட் சத்தத்துக்குக் காதைத் தூக்கும். அந்தச் சத்தத்தைச் செல்போனில் பதிந்து வைத்துப் போட்டுக் காட்டினேன். தலையைத் தூக்கி, காதை முன்னால் தள்ளி, தொண்டை நரம்பு புடைக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் அடித்தேன். பிறகு ஏமாந்ததைத் தெரிந்துகொண்டு என்னை ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வையையும் எடுத்து வைத்திருக்கிறேன். அதுதான் அந்தப் படங்களில் சிறந்தது.

என் கணவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இடது காது மடிப்பு சரியா விழுந்திருக்கு" என்றார். எனக்கு அவர் தந்த பாராட்டு அதுதான். ஆனால் அன்றைக்கே ஆணி அடித்து, பெரிதாகப் போட்ட படத்தைத் தன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாமியார் சண்டை பிடித்தார். நாயும் மாமனாரும் ஒரே சுவரிலா என்றார். அவர் சண்டைக்கு நியாயம் இருந்தது. ஒரே சுவரில் வைத்த பிறகுதான், இரண்டில் எது உயிரோடு இருந்த ஒன்றின் படம் என்பது வருகிறவர்களுக்கெல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. மாமனாரைச் சாமி அறைப் பக்கம் மாற்றினார்கள்.

ஒரு பிரதியை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். மாஸ்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஒரு பக்கம் இருட்டா விட்டுட்டீங்க. வயித்துப் பக்கம் லைட்டே இல்ல. கஸ்டமருக்குக் குடுத்தா மூஞ்சியில எறிவான்" என்றார். எப்படி எடுத்தேன் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரியாதது தெரிந்துவிடும் அல்லவா. படம் மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கட்டும் என்றார்.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தால், ஜவுளிக்கடைக்கு மேலே புது ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. ஸ்டுடியோ பெயர், அதன் கீழே, 'செல்லப் பிராணிகளுக்குத் தனி கவனம்', அதன் கீழே எங்கள் நாய். சாம்பல் நிறத்தில். வேறு யாரையோ வைத்துக் கலர் போட்டிருந்தார்கள். முதுகின் வெள்ளிக் கோட்டைக் காணோம். பின்னால் வெளிநாட்டு அருவி கொட்டிக்கொண்டிருந்தது.

படியேறிப் போனேன். "அது நான் எடுத்த படம்" என்றேன்.

"ஆமா. நம்ம ஸ்டுடியோ ஆளு எடுத்தா நம்ம ஸ்டுடியோ படம்" என்றார் மாஸ்டர். "பேர் வேற போடணுமா? நாய்தானம்மா."

"கலர் போட்டுட்டீங்களே."

"ஃப்ளெக்ஸுல கருப்பு எடுபடாது."

படத்தைத் திருடியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். திருடுகிறவனுக்குப் பொருளின் அருமை தெரிந்திருக்க வேண்டும். இவர் நல்ல பொருளை எடுத்துத் தனக்குத் தெரிந்த குப்பையாக மாற்றி, அதன்பிறகு தன்னுடையது என்றார். என் சோற்று டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். "நாளைக்கி சீக்கிரம் வந்துருங்க, மூணு ஆல்பம் நிக்கிது" என்று பின்னாலிருந்து சொன்னார். நான் வேலையை விட்டுப் போகிறேன் என்பதுகூட அவருக்குப் புரியவில்லை. பிறகு நான் அந்தப் படியில் ஏறவில்லை.

என் கணவரின் தங்கைக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸிங் படித்தவள். அண்ணனைப்போல, அப்பாவைப்போல நல்ல கறுப்பு. பெண் பார்க்க ஆள் வரும், காப்பி குடிக்கும், போகும். விருதுநகரில் எடுத்த படம் ஒன்று தரகரிடம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் அவள் கோதுமை நிறத்தில் இருந்தாள். அதைப் பார்த்து வருகிறவர்கள் நேரில் பார்த்ததும், வேறு பெண்ணைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டோம் என்கிற மாதிரி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். தாங்கள் எல்லாரும் காட்டில் வேகிற ஜனம்தான் என்பது அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

ஒரு நாள் அவள் பருத்தி அறைக்கு வந்தாள். நாய்ப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"மதினி, இந்த நாய்க்கு வச்ச மாதிரி எனக்கும் லைட்டு வைங்க."

"ஒங்க அம்மா என்னைய வெட்டுவாக."

"வெட்டட்டும். நான் தையல் போட்டுவிடுறேன்" என்றாள்.

மனிதத் தோல் நாயின் ரோமம் இல்லை. பளபளப்பு கம்மி, உள்ளே ஒரு செம்மை இருக்கும். வேட்டியைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன், மறுபக்கம் ஒன்றும் வைக்கவில்லை. பவுடர் போட்டு வந்திருந்தாள்; கழுவச் சொன்னேன். கன்னத்து எலும்பின் மேல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு வந்து தாடையில் நின்றது. கழுத்து நீளம் என்பது அன்றைக்குத்தான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மாமியார், "எம்மவள கரிச்சட்டியாக் காட்டிட்டா" என்றார். ஆனால் அதற்குள் அவளே அதைத் தரகருக்கு அனுப்பிவிட்டாள், பழைய படத்தை இனிமேல் யாருக்கும் காட்டக்கூடாது என்ற கண்டிப்போடு.

கொஞ்ச காலம் யாரும் வரவில்லை. பிறகு குமாரலிங்கபுரம் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் படம் முன்னாலேயே வந்திருந்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா ஜவுளிப் பூங்காவைப் பற்றியே பேசினார். பூங்கா வருமாம், அவர்கள் நிலம் பக்கத்தில் இருக்கிறதாம், வந்த பிறகு அந்தப் பக்கம் ஆளே மாறிவிடுவார்களாம். பூங்காவை இவரே தைத்துக்கொண்டிருக்கிற மாதிரிப் பேச்சு. என் கணவர் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

பெண் வந்து காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த செல்போனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி செல்போனைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்காரரிடம், "போட்டோவுல இருக்குற மாதிரியேதான் இருக்காக" என்றார். சொன்ன தொனி, ஏமாற்றப்பட்டவர் முறையிடுகிற தொனி. படத்தில் கருப்பாக இருந்தால் நேரில் எப்படியும் சிவப்பாக இருப்பாள் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். படம் என்றால் பொய்தான் என்று அவ்வளவு பழக்கியிருக்கிறார்கள் நம்முடைய மாஸ்டர்கள்.

நான் அதற்குள் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய படத்தை யார் எடுத்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தில் இரண்டு கண்மணியிலும் இரண்டிரண்டு வெள்ளைக் குடைகள் தெரிந்தன, இடமும் வலமும். முகம் ரோஜா நிறம். நேரில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப்போலத்தான் இருந்தார். படத்தில் இருந்த முடியில் பாதிதான் கூட வந்திருந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலையைக் குனிந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு என்ன சொல்றாக?" என்று கேட்டார் தரகர், வழக்கமாகக் கேட்கிற கேள்வி, பதில் எதிர்பார்க்காமல்.

என் நாத்தனார் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "நீங்க அனுப்புன போட்டோவுல இருந்தவுக இன்னும் வரலையா?"

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளையின் அப்பா பூங்காவைப் பாதியில் விட்டார். மாப்பிள்ளை மட்டும் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பெண்ணை முழுசாகப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று தெரியாது. கார் போய்விட்டது.

மாமியார் என் மேல் பாய்ந்தார். "நாய்க்கு வைக்கிற லைட்ட எம்மவளுக்கு வச்சா இப்படித்தான் நடக்கும்."

"அம்மா, அவுகளுக்கு வச்ச லைட்டுதான் கோளாறு" என்றாள் மகள். பிறகு காலியான தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அவள் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்தைப் பிறகு பார்க்கலாம் என்கிறாள். அந்தப் படத்தைத்தான் செல்போனில் முகப்பாக வைத்திருக்கிறாள்.

பருத்தி அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். பருத்தி எடுப்பு வந்தால் மூட்டைகளுக்கு இடம் விட்டு என் சட்டத்தையும் வேட்டியையும் தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டும். மாமியார் அதை மிகுந்த திருப்தியோடு மேற்பார்வை பார்ப்பார். வருகிறவர்களில் பாதிப்பேர், "கலர் போடுவீகளா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களுக்கு அருப்புக்கோட்டைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். மிச்சப்பேர் உட்கார்ந்து, எடுத்து முடித்து, படத்தைப் பார்த்து, "நான் இப்படியா இருக்கேன்?" என்பார்கள். ஆமாம் என்பேன். சிலர் வாங்கிக்கொள்கிறார்கள், சிலர் திரும்பி வருவதே இல்லை.

போன மாதம் திருச்சுழியிலிருந்து ஒருவர் வேட்டை நாயோடு வந்தார். சுத்த வெள்ளை. எங்கள் கருப்பு நாயின் மேல் நான் கற்றுக்கொண்டதையெல்லாம் அதன் மேல் வரிசையாகச் செய்தேன். வெளுத்துக் காயப்போட்ட துணி மாதிரி வந்தது. மூக்கு மட்டும் இருந்தது. மாஸ்டர் எடுத்திருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைத்தபோது காது சுட்டது. நாய்க்காரரிடம் இன்றைக்கு முடியாது, எனக்கு இது தெரியவில்லை என்று சொன்னேன். "தெரியலைன்னு சொல்ற போட்டோக்காரர இப்பத்தான் பாக்குறேன்" என்று நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

வெள்ளைக்கு வெளிச்சத்தைத் தேடக் கூடாது, நிழலைத் தேட வேண்டும் என்று மட்டும் இதுவரை தெரிகிறது. பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி இருக்கிறது. மதியங்களில் அதைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு பக்கத்தில் கருப்புக் கம்பளியைத் தொங்கவிட்டு, லைட்டைக் குறைத்துக் குறைத்து அடித்துப் பார்க்கிறேன். உடம்பு இன்னும் துணியாகத்தான் இருக்கிறது. நேற்று காது மட்டும் வந்தது. உள்ளே ஓடுகிற ரத்த நரம்புகளோடு, இளஞ்சிவப்பாக.